எட்டாவது வளையத்தில் சீப்பு இல்லை

அன்புள்ள டமாரத்துக்கு,

நானும் அம்மாவும் மாமாவும் உடம்பால் நலம், மனசால் அரைகுறை, காரணம் நீ. நீ நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய், அதனால் அதைக் கேட்கவில்லை. சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா, போனை ஏன் எடுப்பதில்லை, இந்த மூன்றுக்கும் பதில் போடு. நீ வாயைத் திறந்தால் தெரு முனை வரை கேட்கும் என்றுதான் மாமா உனக்கு அந்தப் பெயரையே வைத்தார், இப்போது மூன்று வாரமாக அங்கேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. அம்மாவுக்கு மட்டும் ஒரு கடிதம் வந்தது. அப்பாவிடம் காட்டாதே என்று அதில் எழுதியிருந்தாயாம், அம்மா காட்டவில்லை, படித்துச் சொன்னாள். படித்துச் சொல்லாதே என்று அவ எழுதலையே என்பது அவள் கட்சி. கேட்டதும் போனை எடுத்தேன், கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். போன்ல ரெண்டாவது நிமிஷம் நீங்க கத்துவீங்க, மூணாவது நிமிஷம் அவ அழுவா, நாலாவது நிமிஷம் ரெண்டு பேரும் வச்சிடுவீங்க, உக்காந்து எழுதுங்க, எழுதினா அடிச்சுத் திருத்தலாம்னு சொல்லிவிட்டாள். அதனால் கடையிலிருந்து வெள்ளைத்தாள் ஒரு கட்டு எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஜெராக்ஸ் கடைக்காரியைக் கட்டிக்கொண்டதில் தாளுக்கு மட்டும் பஞ்சமில்லை. இது நாலாவது தாள், முதல் மூன்றும் கொஞ்சம் காரமாக வந்துவிட்டன.

விஷயத்துக்கு வருகிறேன். பூச்சி இனங்காணும் பிரிவிலிருந்து கிடங்குப் பிரிவுக்கு மாற்றிவிடுங்கள் என்று மனு கொடுத்திருக்கிறாயாம், ஒன்றாம் தேதி முடிவு சொல்வார்களாம். அப்பா முகத்துல இனி எப்படி முழிப்பேன் என்று அம்மாவுக்கு எழுதியிருக்கிறாய். மனுவைத் திரும்ப வாங்கு. இந்தக் கடிதத்தின் சாரம் இவ்வளவுதான். ஆனால் இதோடு நிறுத்தினால் அதட்டுகிறேன் என்று நினைப்பாய், அதனால் உன் அறிக்கை வந்த பிறகு இங்கே என்னென்ன நடந்தது என்று விடாமல் எழுதுகிறேன், படித்துவிட்டு நீயே முடிவு செய். முடிவு நான் சொன்னதாகத்தான் இருக்கும், அது வேறு.

உன்னிடம் வந்தது நான் அனுப்பிய பூச்சி ஸ்லைடுகள் மட்டும்தான், அவை எப்படிப் பிறந்தன என்று உனக்குத் தெரியாது. குடமிளகாய் நாற்று வளர்க்கிற நாற்றங்கால்காரர் ஒரு நாள் காலையில், நாற்றுகளுக்கு நடுவே மாதிரிக்கு விட்டிருந்த வளர்ந்த செடிகளின் பூவைப் பை நிறைய எடுத்துக்கொண்டு எங்கள் ஆய்வகத்துக்கு வந்து நின்றார். இதழெல்லாம் பழுப்புத் தழும்பு, பிஞ்சுத் தோலில் கீறல், வெள்ளைத்தாளில் தட்டினால் மஞ்சளும் பழுப்புமாக இலைப்பேன்கள் ஓடுகின்றன. மூணு வாரத்துல நாற்று பதமாயிடும், நாப்பது தோட்டத்துக்கு அனுப்பணும், வண்டி ஏத்தலாமா கூடாதா, ஒரே வார்த்தையில சொல்லுங்க சார் என்றார். அவருக்கு அவசரம், எனக்கு அவசரம் கூடவே பிறந்தது. மஞ்சளை ஒரு குப்பி, பழுப்பை ஒரு குப்பி என்று நிறம் பார்த்துப் பிரித்தேன், எப்போதும் அப்படித்தான் செய்வேன், வேலை பாதியாகும். காரக் கரைசலில் போட்டேன். கறுத்த பூச்சி உள்ளே இருப்பதெல்லாம் கரைந்து கண்ணாடி மாதிரி ஆகிற வரை கிடக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாதா, தெரியும், ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டேன். ஸ்லைடில் வயிறு மசமசவென்று இருந்தது. வயிற்றின் எட்டாவது வளையத்தின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி மயிர் வரிசை இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய இடத்தில், இருக்க வேண்டும் என்று நினைத்தேன், இருந்தது. மஞ்சள் என்றால் பால்மி, பழுப்பு என்றால் வெங்காய இலைப்பேன், ரெண்டும் பழைய வாடிக்கையாளர்கள், வழக்கமான மருந்தை அடிக்கலாம், நாற்றை அனுப்பலாம். கையெழுத்து, சீல். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பத்தில் ஒரு பங்கு ஸ்லைடை உங்கள் நிறுவனத்துக்குச் சரிபார்க்க அனுப்ப வேண்டும் என்று விதி இருக்கிறதே, அதற்காக எண்ணிக்கைக்கு இந்த இருபத்துநாலையும் பெட்டியில் வைத்து அனுப்பிவிட்டு மறந்தும் போனேன்.

நாற்று வண்டி ஏற வேண்டியது ஒரு வியாழக்கிழமை. உன் அறிக்கை வந்தது செவ்வாய்க்கிழமை மத்தியானம். முதலில் அடியில் இருந்த பெயரைப் பார்த்தேன், அப்புறம் மேலே படித்தேன், அப்புறம் மறுபடி பெயரைப் பார்த்தேன். ஒரே தாள். இரண்டு இனம் என்று வந்த மாதிரிகளில் இருப்பது ஒரே இனம், மஞ்சள் பன்னிரண்டும் ஆண், பழுப்பு பன்னிரண்டும் பெண், பெண்ணின் எட்டாவது வளையத்தில் சீப்பு இல்லை, பால்மிக்குப் பின்மார்பில் இருக்க வேண்டிய இரு துளைகளும் இல்லை, எனவே இது பால்மியும் அல்ல வெங்காய இலைப்பேனும் அல்ல, பார்விஸ்பைனஸ், அனுப்பியவரின் முடிவு தவறு, நாற்றுகளை நிறுத்தி வைக்கவும். இப்போதும் பார்க்காமல்தான் எழுதுகிறேன், எழுத்துக்கு எழுத்து மனப்பாடம். தவறாக இருக்கக்கூடும் என்று எழுதவில்லை, மறுபரிசீலனை செய்யலாம் என்று எழுதவில்லை, தவறு என்று எழுதியிருந்தாய். எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதா இவள் என்று சாயங்காலம் வரை பொருமிக்கொண்டிருந்தேன். எங்கள் அலுவலகக் குமாஸ்தா தபாலைப் பதிவு செய்யும்போதே படித்துவிட்டார், படித்துவிட்டு என் மேஜைக்கு வந்து, தப்பா நினைக்காதீங்க சார், பெத்த அப்பாவா இருந்தா இப்படி எழுத மனசு வந்திருக்குமா என்றார். தப்பாகத்தான் நினைத்தேன். தபால் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு அவரை அனுப்பிவிட்டேன். உன் அலுவலகத்திலும் யாரோ அதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறார்கள் என்று உன் கடிதத்தைக் கேட்ட பிறகுதான் தெரிந்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் மாமாவுக்கு மூக்கு வேர்த்துவிட்டது. மச்சான் முகம் ஏன் பஞ்சர் ஆன டயர் மாதிரி இருக்கு என்றார். சொன்னேன். பொண்ணுகிட்டயே பல்பு வாங்கிட்டீங்களா என்று அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பஸ் டிப்போவில் நாள் முழுக்க என்ஜின் சத்தத்தில் இருக்கிறவருக்கு மெதுவாகச் சிரிக்கவும் தெரியாது. அப்புறம் ரெண்டும் ஒண்ணுன்னு எப்படித் தெரியாமப் போச்சு என்று கேட்டார். விளக்கினேன். எழுத்தின் மேல் வைக்கிற புள்ளியைக் கொஞ்சம் இழுத்து நீட்டினால் எவ்வளவு, அவ்வளவுதான் அந்தப் பூச்சி, அதில் பெண் பழுப்பு, ஆண் மஞ்சள், நான் நிறத்தை வைத்துப் பிரித்தேன், அதாவது ஒரு வீட்டுக்குள் போய் மீசை வைத்தவர்களெல்லாம் ஒரு குடும்பம், மீசை இல்லாதவர்களெல்லாம் வேறு குடும்பம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன் என்றேன். மாமா இன்னும் சத்தமாகச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. பன்னெண்டு மஞ்சள்ல ஒரு பொம்பளை கூட இல்லையே, அது உங்களுக்கு உறைக்கவே இல்லையா என்று கேட்டாள். பதின்மூன்று வருஷமாக இந்த வேலையில் இருக்கிறவனை, மைக்ராஸ்கோப்பைத் தொட்டே பார்க்காதவள் ஒரே கேள்வியில் கீழே இறக்கிவிட்டாள். உனக்கு யார் வாய் என்று இனி யாரும் கேட்க வேண்டாம். அப்புறம் என்னைச் சமாதானப்படுத்த, அது நீங்க அனுப்பினதுன்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்காது, தெரிஞ்சிருந்தா கண்டிப்பா போன் பண்ணியிருப்பா என்றாள். பள்ளிக்கூடத்து நோட்டுக்கெல்லாம் உனக்கு லேபிள் எழுதித் தந்தவன் நான். ஏழு எழுதி நடுவில் குறுக்குக் கோடு போடுகிறவன் எங்கள் ஆய்வகத்தில் நான் ஒருவன்தான். முதல் ஸ்லைடைக் கையில் எடுத்ததுமே உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் எழுதினாய். அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் இறங்க ஆரம்பித்தது. நீ போன் பண்ணியிருந்தால் என்ன ஆகியிருக்கும், நான் வாதாடியிருப்பேன், நீ கொஞ்சம் தணிந்திருப்பாய், தவறு என்பது தவறாக இருக்கக்கூடும் என்று ஆகியிருக்கும், அதைப் படித்துவிட்டு வியாழக்கிழமை வண்டியை நானே வழியனுப்பி வைத்திருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

ஆனால் நீ சொன்னாய் என்பதற்காக அப்படியே ஏற்றுக்கொள்கிற ஆளும் நான் இல்லை, அதுவும் உனக்குத் தெரியும். புதன்கிழமை விடிந்ததும் நாற்றங்காலுக்குப் போனேன். முதல் நிழல்வலைக் குடிலில் பூக்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கைலென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஏழாவதோ எட்டாவதோ பூ, இதழ் மடிப்புக்குள் ஒரு பழுப்பு, அதன் முதுகைக் கட்டிக்கொண்டு ஒரு மஞ்சள். சந்தேகமே வேண்டாம், குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. நான் இரண்டு குப்பியில் போட்டு விவாகரத்து வாங்கிக் கொடுத்த ஜோடி. அங்கேயே கவிழ்த்து அடுக்கியிருந்த நாற்றுக் குழித்தட்டுகளின் மேல் உட்கார்ந்துவிட்டேன். நாற்றங்கால்காரர் வந்தார், கூடவே வண்டிக்காரர், நாற்று எடுக்க முந்தைய நாளே வந்திருந்த ரெண்டு தோட்டக்காரர்கள், தட்டு அடுக்குகிற பெண்கள். எழுந்து நின்று சொன்னேன், நான் கொடுத்த முடிவு தப்பு, இது இந்தப் பக்கத்துக்குப் புதுசா வந்த பூச்சி, நாற்றோட நாற்றா நாப்பது தோட்டத்துக்கும் போயிடும், நாளைக்கு வண்டி ஏறக் கூடாது. நாற்றங்கால்காரர் முகம் சிவந்துவிட்டது. அனுப்பலாம்னு சீல் குத்தினது நீங்கதானே, அப்போ அந்தச் சீலுக்கு என்ன சார் மரியாதை என்றார். இன்னிக்கு ஒண்ணும் இல்லை என்றேன். யார் சொன்னது தப்புன்னு என்று கேட்டார். என் பொண்ணு என்றேன். தட்டு அடுக்குகிற அக்கா ஒருத்தி, பொண்ணு எந்தக் கடையில கண்ணாடி போட்டுச்சுன்னு கேட்டு சாருக்கும் ஒண்ணு வாங்கிக் குடுங்கப்பா என்றாள், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், நாற்றங்கால்காரர் சிரிக்கவில்லை. என்னைத் தனியாக ஓரமாகக் கூட்டிப்போய், உங்களுக்கும் உங்க பொண்ணுக்கும் ஆகாதா சார் என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். ஆகும், அதனாலதான் என்றேன். சொன்ன பிறகுதான் அதற்கு அர்த்தம் எனக்கே புரிந்தது.

அன்று முழுக்க நாலு பழுப்பை ஒழுங்காக ஊறப்போட்டேன். சாயங்காலம் லென்ஸுக்கு அடியில் வைத்தால் உடம்பு பளிங்கு மாதிரி இருக்கிறது. எட்டாவது வளையத்தின் ஓரம் சுத்த வழுக்கை. மேலதிகாரியிடம் போனேன். அவர் நல்ல மனுஷன், எனக்கு உதவுவதாக நினைத்துக்கொண்டு, புது நம்பர் போட்டுப் புது அறிக்கை குடுத்துடுங்க, பழசை எடுத்துடலாம், உங்க வீட்டு விஷயம்தானே, வெளியே போக வேணாம் என்றார். இது வீட்டு விஷயம் இல்லை சார், வீட்டு விஷயமா இருந்தா அவ எனக்கு போன்ல சொல்லியிருப்பா என்றேன். பழைய அறிக்கையைக் கிழிக்கவில்லை. அடியில் இருப்பது படிக்கத் தெரிகிற மாதிரி சிவப்பு மையால் ஒரே ஒரு கோடு போட்டேன், பக்கத்தில் தவறு என்று உன் வார்த்தையையே எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். சரிபார்த்தவர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதும்போது மட்டும் பேனாவை இரண்டு முறை துடைத்துக்கொண்டேன், மை சிந்திவிடக் கூடாதே என்று. குமாஸ்தா எட்டிப் பார்த்தார். நல்லாப் பாருங்க, பதிவேட்டிலயும் ஏத்திக்குங்க என்றேன்.

ஐந்து குடிலில் மூன்றில் பூச்சி இருந்தது. அந்த நாற்றுகளைப் பை கட்டிப் புதைத்தோம். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது, நாற்றங்கால்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மீதி இரண்டு குடிலையும் இரண்டு வாரம் தினமும் போய்த் தட்டிப் பார்த்தேன், நீல ஒட்டு அட்டை கட்டினோம், சுத்தம் என்று ஆன பிறகு வண்டி ஏற்றினோம். கண்ட மருந்தையும் அடிப்பதை நிறுத்தச் சொன்னேன், இலைப்பேனைத் தின்கிற குட்டி நாவாய்ப்பூச்சிகள் மறுபடி பூவில் தெரிய ஆரம்பித்திருக்கின்றன. நாற்பது தோட்டத்தில் ஒன்றில்கூட இன்று வரை அது இல்லை. ஒவ்வொன்றுக்கும் நானே போய்ப் பார்த்துவிட்டேன், செருப்பு ஒரு ஜோடி தேய்ந்துவிட்டது. நாற்றங்கால்காரர் இத்தனை நாளும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. முந்தாநாள் தானாக வந்தார், பக்கத்துத் தோட்டத்துக் கத்தரிப் பூ ஒரு பை. மேஜையில் வைத்துவிட்டு, இதை உங்க பொண்ணுக்கு அனுப்புங்க, நடுவில நீங்க பாக்க வேணாம் என்றார். பதின்மூன்று வருஷத்தில் என் வேலையைப் பற்றி இவ்வளவு கேவலமாக யாரும் பேசியதில்லை, நான் இவ்வளவு சந்தோஷமாக வீட்டுக்கு வந்ததும் இல்லை. அம்மாவிடம் சொன்னால், உங்களுக்குப் பெருமை தாங்கலை, முதல்ல செருப்பைக் கழட்டிட்டு உள்ளே வாங்க என்கிறாள். அவள் மட்டும் என்னவாம், உன் அறிக்கையை நகலெடுத்துக் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிறாள், ஜெராக்ஸ் தெளிவா வருதான்னு பாக்க மாதிரிக்கு ஒட்டினேன் என்று வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டு.

இப்போது அந்தப் பெத்த அப்பா பேச்சுக்கு வருகிறேன். நான் உன்னைப் பெறவில்லை, நான் இந்த வீட்டுக்கு வந்தபோது உனக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்திரண்டு. பஸ்ஸில் போனால் அண்ணன் தங்கச்சியா என்று கேட்பார்கள். வந்த முதல் மாதம் எல்லோரும் என்னிடம் ஜாக்கிரதையாகப் பேசினார்கள். மாமா என்னை வாங்க போங்க என்றார், யோசித்துப் பார், உன் மாமா. நான் சமையலறையில் ஓர் அலமாரி அடித்தேன், நல்லா இருக்கு நல்லா இருக்கு என்று அம்மாவும் மாமாவும் மாறி மாறிச் சொன்னார்கள். நீ வந்து தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, கோணலா இருக்கு என்றாய். ரசமட்டம் வைத்துப் பார்த்தேன், கோணல்தான். அம்மா உன்னைத் திட்டினாள். எனக்கு அன்றைக்குத்தான் இது நம் வீடு என்று தோன்றியது, விருந்தாளி அடித்த அலமாரியை யாரும் கோணல் என்று சொல்ல மாட்டார்கள். பெற்றவராக இருந்தால் எழுதியிருக்க மாட்டாள் என்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான், அவள் யாரோ ஒருத்தருக்கு எழுதியிருந்தால் கொஞ்சம் மரியாதை சேர்த்து எழுதியிருப்பாள், என்னிடம் தேவையில்லை என்று அவளுக்குத் தெரியும். குமாஸ்தாவிடம் நேற்று இதைச் சொல்லிவிட்டேன். உன் அலுவலகத்தில் சொன்னவரிடம் நீ சொல், சத்தமாகச் சொல், அது உனக்கு வராத வேலை இல்லையே. இன்னொன்று, நீ கிடங்குக்குப் போய்விட்டால் அந்த மேஜையில் என்னை மாதிரி அவசரக்காரன் எவனாவது உட்காருவான். எல்லா ஊரிலிருந்தும் மசமசவென்று ஸ்லைடு வரும், எல்லாவற்றிலும் சீப்பு இருப்பதாக அவனுக்குத் தெரியும். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கத்தரிப் பூவில் கிடைத்ததை இந்த முறை நிறம் பார்த்துப் பிரிக்காமல், ஒரு பூவுக்கு ஒரு குப்பி என்று போட்டு, ராத்திரி பூரா ஊறவிட்டு ஸ்லைடு செய்திருக்கிறேன். முப்பது இருக்கிறது. முடிவை எழுதி மூடிய உறையில் போட்டிருக்கிறேன், நீ பார்த்து முடித்த பிறகுதான் பிரிக்க வேண்டும். அனுப்புவது உன் அப்பா என்று உங்கள் தலைமைக்கும் கடிதம் எழுதிவிட்டேன், இன்னொருவரும் கூட உட்கார்ந்து பார்க்கட்டும், யாரும் நாக்கு மேல் பல் போட்டுப் பேச இடம் வேண்டாம். பெட்டி ஒன்றாம் தேதிக்கு அப்புறம்தான் அங்கே சேரும். இதில் நீ ஒரு தப்பும் கண்டுபிடிக்க முடியாது என்று மாமாவிடம் பந்தயம் கட்டியிருக்கிறேன், தோற்றவர் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வேண்டும். மாமா உன் பக்கம். அம்மாவும் உன் பக்கம்தான், வெளியே சொல்ல மாட்டேன் என்கிறாள்.

கண்ணை அடிக்கடி கழுவு, ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து நட, பசியோடு மைக்ராஸ்கோப் முன்னால் உட்காராதே. நீ எந்தக் குறையும் இல்லாமல், யாருக்கும் தலை குனியாமல், நூறு வருஷம் நன்றாக இரு. ஞாயிற்றுக்கிழமை போன் அடிக்கும், அம்மாதான் பேசுவாள், பக்கத்தில் நான் இருப்பேன், கத்த மாட்டேன்.

மனுவை மறக்காதே. ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஆறு நாள்.

உன்னிடம் மாட்டிக்கொண்டதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிகிற
உன் அப்பா